பழைய காரில் பிரேக் கோளாறு: பெடலில் தொடங்கிச் சக்கரம் வரை தேடும் முறை

பெடல் மெத்தென்று கீழே இறங்கினால் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, ஒரு டப்பா பிரேக் திரவம் வாங்கி வந்து, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க உட்காருவது. அது சரியாகவில்லை என்றதும் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) இங்கிலாந்துக்கு ஆர்டர் போகிறது. மூன்று வாரம் கழித்து அதையும் மாட்டிப் பார்த்தால் பெடல் அதே இடத்துக்குத்தான் இறங்குகிறது. கடைசியில் பார்த்தால், பின் சக்கரத்து ஷூ, அதாவது டிரம்முக்குள் விரிந்து உரசும் வளைந்த தகடு, தளர்ந்திருந்தது மட்டுமே காரணம். பத்து நிமிட வேலை.

இப்படி நானும் ஒரு முறை பணத்தைக் கொட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு என் மாரிஸ் மைனரிலும் நண்பர்களின் வண்டிகளிலும் பார்த்துப் பார்த்து ஒரு வரிசை பிடிபட்டது. எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகள் முதலில், ஸ்பேனர் பிறகு. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படியில் கிடைக்கும் விடையை நம்ப முடியாது.

மாரிஸ் மைனர், மினி, பீட்டில், டட்சன் 1200, எம்ஜிபி போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தும். நான்கு சக்கரமும் டிரம் ஆனாலும், முன்னால் டிஸ்க் பின்னால் டிரம் ஆனாலும் வழி ஒன்றுதான். பச்சை மினரல் எண்ணெயில் ஓடும் பழைய சிட்ரோயன் வேறு உலகம். அதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

சிங்கப்பூரில் இந்தக் கோளாறுகள் அதிகம் வருவதற்குக் காரணம் ஓட்டம் இல்லை, ஓட்டாமல் நிற்பதுதான். 35 ஆண்டைத் தாண்டி கிளாசிக் திட்டத்தில் பதிவான வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வர முடியும். மிச்சம் 320 நாள் அது ஈரக் காற்றில் நிற்கிறது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். பிரேக் திரவமோ ஈரத்தை உறிஞ்சும் பொருள். அது உறிஞ்சிய நீர்தான் சிலிண்டருக்குள் துருவாகிறது.

1. இடம், சாமான், முகக்கவசம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அது அதற்கான இடமில்லை. சிந்தும் திரவம் தரையை அரிக்கும், மழைக்கால்வாயில் இறங்கும். நம் கால்வாய்களில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். பழைய திரவத்தை முறைப்படி அப்புறப்படுத்தவும் அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

தேவையானவை: ஜாக், வண்டியைத் தாங்க இரண்டு அல்லது நான்கு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடை, உங்கள் வண்டியின் நிப்பிளுக்கு (சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் சிறு திருகு) சரியாகப் பொருந்தும் ஆறுமுனைச் சாக்கெட், குழாய் நட்டுக்கான பிளவு ரிங் ஸ்பேனர், தெளிவான பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி ஜாடி, முத்திரை உடையாத திரவம், துணி, ஒரு வாளித் தண்ணீர், கையுறை, தூசிக்கு எதிரான நல்ல முகக்கவசம்.

வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக்கூடாது. செங்கல்லும் கூடாது. பிரேக் வேலையில் இறுகிப்போன நட்டை உடம்பின் முழு பலத்தோடு இழுப்போம். வண்டி ஆடத்தான் செய்யும்.

வாளித் தண்ணீர் எதற்கு என்றால், இந்தத் திரவம் பெயின்டை உரித்துவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் பரவும், கழுவினால் கரைந்து போகும்.

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதுவது பல பட்டறைகளில் கைப்பழக்கம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

2. முதலில் திரவத்தைப் பாருங்கள்

நம்மவர்கள் வாயில் இது ‘பிரேக் ஆயில்’. அந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது எண்ணெயே இல்லை. மினரல் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும்.

திரவத் தொட்டியின் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். திறந்ததும் மூடியின் உள்பக்கத்து ரப்பரைப் பாருங்கள். அது அலை அலையாக நெளிந்து பெருத்திருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் உறுதியாகிறது. இன்னும் தெளிவு வேண்டுமென்றால், ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் சிறிது திரவத்தை விடுங்கள். டாட் 3, டாட் 4 என்ற தரங்களில் வரும் வழக்கமான பிரேக் திரவம் தண்ணீரில் கலந்துவிடும். எண்ணெயோ, டாட் 5 எனப்படும் சிலிக்கோனோ கலக்காமல் பிரிந்து நிற்கும்.

எண்ணெய் கலந்திருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். அமைப்பு முழுவதையும் கழுவி, எல்லா ரப்பரையும் ஹோஸையும் மாற்றுவதுதான் வழி. ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் எண்ணெய் புதியதையும் கெடுக்கும்.

நிறம் தேநீர் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தால் பழையது. புதிய டாட் 4 கொதிக்க 230 பாகை வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு 155 பாகை போதும் என்பது அந்தத் தரத்தின் கீழ்வரம்பு. டாட் 3-க்கு அதே கணக்கு 205, 140. நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டியபின் பெடல் திடீரென்று மெத்தென்று ஆகி, வண்டி ஆறியதும் பழைய நிலைக்கு வந்தால், திரவம் சக்கரத்தருகே கொதித்து ஆவியாகியிருக்கிறது. இங்கே நான் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். கையேடு இரண்டு ஆண்டு என்று சொன்னாலும், நிற்கும் வண்டிக்கு அது அதிகம்.

அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். எங்கே போனது என்பதுதான் கேள்வி. லைனிங் தேய்ந்தால் சிறிது இறங்கும். நிறைய இறங்கியிருந்தால் கசிவு. குறைந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள்

இந்தப் படிக்குக் காசு இல்லை, கருவி இல்லை. ஆனால் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். செர்வோ (எஞ்சினின் வெற்றிடத்தால் காலின் பலத்தைக் கூட்டும் பாகம்) உள்ள வண்டியாக இருந்தால், எஞ்சினை அணைத்தபின் ஏழெட்டு முறை மிதித்து அதில் தேங்கிய வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் செர்வோவின் உதவியையும் சிலிண்டரின் குறையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் ஒரே ஒரு முறை மெதுவாக மிதியுங்கள். பெடல் எங்கே நிற்கிறது, கல்லில் மிதித்தது போல நிற்கிறதா, பஞ்சில் மிதித்தது போல நிற்கிறதா? இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ‘கீழே இறங்குகிறது’ என்பது வேறு, ‘மெத்தென்று இருக்கிறது’ என்பது வேறு. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்வதால்தான் தவறான பாகம் வாங்கப்படுகிறது.

அடுத்து மூன்று முறை வேகமாக மிதியுங்கள். பெடல் மேலே ஏறிக் கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் திரவம் முன்னால் போய் இடைவெளியை நிரப்புகிறது. மேலே ஏறினாலும் பஞ்சாகவே இருந்தால் உள்ளே காற்று. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும்.

மூன்றாவது, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இருங்கள். இதை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். ஒரு முறை முழு பலத்தோடு, ஒரு முறை சிவப்பு விளக்கில் காலை வைத்திருப்பது போல லேசாக. தேய்ந்த கப் பலமான அழுத்தத்தில் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். லேசான அழுத்தத்தில்தான் ஓரமாகத் திரவத்தை விடும். பலமாக மிதித்து மட்டும் பார்த்துவிட்டு ‘மாஸ்டர் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பெடல் மெல்ல மெல்ல இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே திரவத்தைத் திருப்பி விடுகிறது. ஈரம் இருந்தால் அது கசிவு.

கடைசியாக, பெடலை அழுத்தியபடியே எஞ்சினைப் போடுங்கள். செர்வோ இருந்தால் பெடல் சிறிது இறங்கும். அது இறங்கத்தான் வேண்டும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பயந்து போன் செய்தவர்கள் உண்டு.

4. ஈரத்தைத் தேடுங்கள்

ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் விளக்கோடு சுற்றி வர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி குழாய் போகும் வழியே போங்கள்.

பெடல் தண்டு உள்ளே நுழையும் இடத்து ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. கம்பளத்தை விலக்கி மூடியைத் திறந்தால்தான் தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் பல ஆண்டு யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரேக் விளக்கு சுவிட்ச் பல பழைய வண்டிகளில் திரவ அழுத்தத்தில் இயங்குவது. அதன் கம்பி முனை வழியே கசியும். யாரும் தேடாத இடம் இது.

சக்கரத்தில் வெளியே ஈரம் தெரியாவிட்டாலும் டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனை ரப்பர் உறையையும் லேசாக விரித்துப் பாருங்கள். உறைக்குள் சொட்டு நின்றால் சிலிண்டர் முடிந்தது. டயரின் உள்பக்கம் ஈரமாகும் வரை காத்திருந்தால் அதற்குள் லைனிங்கும் நனைந்திருக்கும். நனைந்த லைனிங்கை நெருப்பில் காட்டி உலர்த்துவது பழைய வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. மாற்றிவிடுங்கள்.

கசிவே தெரியாமல் திரவம் குறைந்துகொண்டே போனால், மாஸ்டரின் பின்பக்க ரப்பர் வழியாக அது செர்வோவுக்குள் போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் அதை உறிஞ்சி எரிக்கும்போது புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும்.

மைனர் போன்ற வண்டிகள் ஒரே சுற்று அமைப்பு. ஒரு சிலிண்டர் விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே இந்தப் படியில் ஒரு சொட்டு தெரிந்தாலும், அன்றைக்கு அந்த வண்டி டிரக்கில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

5. காற்று எடுக்கும் முன் ஷூவை நெருக்குங்கள்

பெடல் தாழ்வாக இருக்கும்போது காற்று எடுப்பது வீண். இடைவெளி அதிகமாக இருந்தால் எவ்வளவு எடுத்தாலும் பெடல் ஏறாது. நீங்களோ இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்து மூன்று டப்பா தீர்ப்பீர்கள்.

பின் சக்கரத்துக்குக் கைப்பிரேக்கை விட்டுவிட வேண்டும், அதனால் முன் சக்கரங்களுக்கு அடை வையுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அட்ஜஸ்டரை (ஷூவை டிரம்மோடு நெருக்கும் திருகு) இறுக்குங்கள். பெடலை ஒரு முறை பலமாக மிதியுங்கள். ஷூ நடுவுக்கு வந்து உட்காரும். மறுபடி இறுக்கிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் போகும். அப்புறம் சக்கரம் தடையின்றிச் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள். மிதிக்காமல் தளர்த்துவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் பிழை. மைனரின் முன் சக்கரத்தில் அட்ஜஸ்டர் இரண்டு. ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறந்தால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும்.

இதிலேயே ஒரு நல்ல சோதனை ஒளிந்திருக்கிறது. தளர்த்துவதற்கு முன், எல்லா டிரம்மும் பூட்டிய நிலையில், பெடலை மிதித்துப் பாருங்கள். ஷூ நகர இடமே இல்லை. பெடல் உயரமாக, கல்லாக நின்றால் திரவ அமைப்பு நன்றாக இருக்கிறது. அப்போதும் பஞ்சாக இருந்தால் காற்று, அல்லது வீங்கும் ஹோஸ். நான்கும் டிரம்மாக உள்ள வண்டியில் இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது.

6. பாதி பாதியாகப் பிரித்துப் பாருங்கள்

இன்னும் பஞ்சாகவோ, இறங்கிக்கொண்டோ இருந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். ரப்பர் ஹோஸ்களை அதற்கென்று விற்கும் உருண்டை முனைக் கவ்வியால் மெதுவாக நெருக்குங்கள். எல்லா ஹோஸும் அடைபட்ட நிலையில் பெடல் கல்லாக நின்றால் மாஸ்டரும் இரும்புக் குழாய்களும் சரி. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து மிதித்துப் பாருங்கள். எதைத் திறந்ததும் பெடல் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்றோ கசிவோ.

சாதாரணக் குறடால் ஹோஸைப் பிடிக்காதீர்கள், உள் அடுக்கு கிழியும். இருபது வருட ஹோஸ் என்றால் கவ்வியே கூடாது. அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்; முதலில் மாற்றிவிட்டு, மாட்டியபோது உள்ளே போன காற்றை 11ஆம் படியில் சொன்னபடி எடுத்துவிட்டு வந்து சோதியுங்கள். புது ஹோஸ்கள் மாற்றியதுமே பெடல் கெட்டியானதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வெளியே பளபளப்பாக இருந்தாலும் மிதிக்கும்போது பலூன் போல வீங்குகிறது. ஒருவர் மிதிக்க நீங்கள் கையால் பிடித்திருந்தால் அது விரலுக்கே தெரியும்.

கவ்வி போட முடியாத வண்டியில், மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில் குழாயைக் கழற்றிவிட்டுச் சரியான மரையுள்ள அடைப்பானை முடுக்கி மிதித்துப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் சந்தேகமே இல்லை, மாஸ்டர்தான்.

7. காலை எடுத்தும் விடாத பிரேக்

இது வேறு குடும்பம். பிரேக் பிடிக்கிறது, விட மாட்டேன் என்கிறது. சக்கரம் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது.

ஒரு தம்பியின் வண்டி தீவு விரைவுச்சாலையில் தானாகவே இறுகி நின்றது. அரைமணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. ஒரு பட்டறையில் நான்கு வீல் சிலிண்டரையும் மாற்றச் சொல்லி, மாற்றியும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவன் என்னிடம் வந்தபோது, “அண்ணே, காலையில் எடுக்கும்போது ஒன்றுமே இல்லை. போகப் போகத்தான் பெடல் மேலே ஏறி ஏறிக் கெட்டியாகிறது,” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது.

எங்கே அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது இப்படி. சக்கரத்தைத் தூக்குங்கள். பெடலை மிதித்து விடுங்கள். சக்கரம் சுற்றவில்லையா? அந்தச் சக்கரத்தின் நிப்பிளை அரைச் சுற்றுத் திறவுங்கள். திரவம் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது. ஒன்றும் வராமல் சக்கரமும் விடாவிட்டால் கோளாறு திரவத்தில் இல்லை. பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கிறது, அல்லது ஷூ ஸ்பிரிங், அல்லது கைப்பிரேக் கேபிள்.

அழுத்தம்தான் என்று தெரிந்தால் நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து, மறுபடி சிக்க வையுங்கள். இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால், இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லையென்றால் அழுத்தம் ஹோஸுக்கு அப்பால் நிற்கிறது, ஆகவே ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது. உள்சுவர் பிய்ந்து மடல் போலத் தொங்கும்; காலின் பலத்துக்குத் திரவம் போகும், ஸ்பிரிங்கின் பலத்துக்குத் திரும்பாது. அந்த நட்டைத் தளர்த்தியதும் விட்டால் காரணம் மாஸ்டர் பக்கம்.

மாஸ்டர் பக்கம் என்றால் முதலில் தண்டின் விளையாட்டைப் பாருங்கள். பெடலைக் கையால் தொட்டு அசைத்தால், பிஸ்டனைத் தொடும் முன் கொஞ்சம் வெறுமனே நகர வேண்டும். பீட்டிலில் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. திரவத் தொட்டிக்குத் திறக்கும் ஊசிமுனைத் துளை மூடியே இருக்கும். ஓட ஓடச் சூடாகி விரியும் திரவத்துக்குத் திரும்ப வழியில்லை. அது பிரேக்கைத் தானே அழுத்தும். பிரேக் அழுந்தினால் இன்னும் சூடு.

தம்பியின் வண்டியில் இதுதான். முந்தைய உரிமையாளர் பெடல் தாழ்வாக இருக்கிறது என்று தண்டை நீட்டி வைத்திருந்தார். ஷூவை நெருக்க வேண்டிய இடத்தில் தண்டை நீட்டினார். இரண்டு திருகு திரும்ப வைத்ததும் தீர்ந்தது.

துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க, மூடியைத் திறந்து வைத்து மிகவும் லேசாக மிதியுங்கள். முதல் அசைவில் திரவத்தின் மேல் ஒரு சிறு குமிழி எழும்பும். முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், கண்ணில் தெறிக்கும். விளையாட்டு சரியாக இருந்தும் குமிழி எழவில்லையென்றால் துளை அழுக்கால் அடைபட்டிருக்கிறது, அல்லது ஊதிய கப் அதை மறைக்கிறது. மாஸ்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

டிரம் வண்டிக்கு டிஸ்க் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். டிரம் அமைப்பின் மாஸ்டரில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால், டிஸ்க்கைக் கவ்வும் பேட் எப்போதும் உரசும்.

8. ஒரு பக்கம் இழுத்தால்

இடது பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலது பக்கம்தான் வேலை செய்யவில்லை. எல்லாரும் இழுக்கும் பக்கத்தைப் பிரித்து, நன்றாக இருக்கும் பிரேக்கைக் குலைக்கிறார்கள்.

டயர் காற்றை முதலில் பாருங்கள். பிறகு எதிர்ப் பக்கத்து டிரம்மைத் திறந்து, ஒருவர் மிக மெதுவாகச் சற்றே மிதிக்க, இரண்டு ஷூவும் நகருகின்றனவா என்று பாருங்கள். இன்னொரு பக்கம் டிரம் மாட்டியே இருக்கட்டும். அதிகம் மிதித்தால் பிஸ்டன் வெளியே விழும்.

9. பெடல் கல்லாக நிற்கிறது, வண்டி நிற்கவில்லை

செர்வோ சோதனை முன்பே செய்தோம். எஞ்சின் போட்டதும் பெடல் இறங்கவில்லையென்றால் வெற்றிடக் குழாயும் ஒருவழி வால்வும் சந்தேகத்துக்கு உரியவை. இங்கத்திய வெயிலில் அந்த ரப்பர் குழாய் விறைத்து, முனையில் வெடிக்கும்.

செர்வோ இல்லாத வண்டி என்றால் பளிங்கு போல மினுங்கும் லைனிங், எண்ணெய் பட்ட லைனிங், இறுகிய பிஸ்டன் என்ற வரிசையில் பாருங்கள்.

10. சிலிண்டரைத் திறந்தால்

நிப்பிளும் குழாய் நட்டும் உடையாமல் கழல்வதுதான் இதில் பெரிய வேலை. முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். நிப்பிளின் தலையில் சுத்தியலால் நாலைந்து முறை மெல்லத் தட்டுங்கள், துருவின் பிடி விடும். ஆறுமுனைச் சாக்கெட் மட்டும். முதலில் மிகச் சிறிதளவு இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள்.

பிஸ்டனை எடுத்தபின் உள்சுவரை நகத்தால் தடவுங்கள். குழி நகத்தில் தட்டினால் ரப்பர் மாற்றிப் பயனில்லை. சில மாதத்தில் மறுபடி கசியும். அடிப்பக்கம்தான் பெரும்பாலும் குழி விழுந்திருக்கும். புதியது வாங்குங்கள், அல்லது துருப்பிடிக்காத எஃகு உறை போடக் கொடுங்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு கழுவாதீர்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் புதிய பிரேக் திரவமும் போதும். கப்பின் விரிந்த உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டும் முன் ரப்பருக்கான சிவப்பு கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் மினரல் எண்ணெய்தான்.

மரையில் கவனம். பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குலக் கணக்கு, எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். ஜெர்மன், ஜப்பானிய வண்டிகளில் 10 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒன்றிரண்டு சுற்றுப் போகவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் சிலிண்டரின் மரை போய்விடும். எந்த நட்டையும் முதல் நாலைந்து சுற்று விரலாலேயே திருகுங்கள். செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

11. காற்று எடுத்தல்

இப்போதுதான் இதற்கு முறை வந்திருக்கிறது. மாஸ்டரைக் கழற்றியிருந்தால், வண்டியில் மாட்டும் முன் மேசையிலேயே திரவம் நிரப்பி, தண்டை மெதுவாகத் தள்ளிக் குமிழி நிற்கும் வரை காற்று எடுத்துவிடுங்கள். பிறகு மாட்டினால் பாதி வேலை மிச்சம்.

மாஸ்டரிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள சக்கரம் முதலில். நம் வலப்பக்க ஓட்டு வண்டிகளில் பெரும்பாலும் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் கப் அங்கே போய்க் கிழியும். ‘நேற்று வரை நன்றாக இருந்த மாஸ்டர் காற்று எடுத்ததும் போய்விட்டது’ என்று சொல்கிறார்களே, அதன் காரணம் இதுதான்.

தெளிவான குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள ஜாடியில் மூழ்க விடுங்கள். உள்ளே இருப்பவர் அழுத்துகிறார், நீங்கள் திறக்கிறீர்கள், குமிழி வருகிறது, நீங்கள் மூடிய பிறகே அவர் காலை எடுக்கிறார். இந்த வரிசை ஒரு முறை தவறினாலும் காற்று திரும்ப உள்ளே போகும். உதவிக்கு வருபவர் எல்லாவற்றுக்கும் ‘சரி, சரி’ என்றுதான் சொல்வார். அது ‘அழுத்திவிட்டேன்’ என்ற சரியா, ‘விட்டுவிட்டேன்’ என்ற சரியா என்று வண்டிக்கு அடியில் இருப்பவருக்குத் தெரியாது. “அழுத்தியாச்சு”, “மூடியாச்சு”, “விட்டாச்சு” என்று மூன்று சொல்லை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம்.

ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை தொட்டியை நிரப்புங்கள். அது காலியாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜாடியில் வந்த திரவத்தை மறுபடி ஊற்றாதீர்கள். சென்ற ஆண்டு திறந்து வைத்த டப்பாவும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் அது அலமாரியிலேயே ஈரமாகியிருக்கும். பதினைந்து இருபது வெள்ளிக்குள் புது டப்பா கிடைக்கும்.

டிஸ்க் வண்டியில் எவ்வளவு எடுத்தும் பஞ்சாகவே இருந்தால், பேட்களை அழுத்தும் காலிப்பரைப் பாருங்கள். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கக் கழற்றியவர் இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கிவிடும். ஒரு நண்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்தார்.

12. ஓட்டிப் பார்த்தல்

சக்கரங்களை மாட்டி இறக்கியபின், வண்டி நகரும் முன், பெடலை ஒரு நிமிடம் பலமாகவும் ஒரு நிமிடம் லேசாகவும் பிடித்து மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். பிறகு எல்லா இணைப்பையும் உலர்ந்த காகிதத் துணியால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும்.

முதல் ஓட்டம் பட்டறை வளாகத்துக்குள், நடை வேகத்தில். கைப்பிரேக் வேலை செய்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரியென்றால் ஞாயிறு அதிகாலை துவாஸ் பக்கத்து ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலை. விரைவுச்சாலையில் சோதிக்கக் கூடாது. பிரேக் வேலை இதுதான் முதல் முறை என்றால், சாலைக்கு எடுக்கும் முன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முடிந்தால் பிரேக் சோதிக்கும் ரோலரில் ஏற்றி இடது வலது அளவை ஒப்பிடச் சொல்லுங்கள்.

இருபது நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகம் தகித்தால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள். எல்லாம் ஒரே அளவு என்றால் வண்டியை நிறுத்தி, அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்துவிட்டு, மறுநாள் காலை அந்த அட்டையையும் தொட்டியின் மட்டத்தையும் பாருங்கள்.